சித்திரையில் வருவது எது, போவது எது? திருகோணமலைப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி, மாணவி): வசந்தத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கிச் சோடி தேடும் என்று படித்தேன் அண்ணா. பங்குனி முழுவதும் களப்பைப் பார்த்தும் புதிதாக ஒன்றும் வரவில்லையே?

பதில்: அது வடக்கே உள்ள குளிர்நாடுகளின் கணக்கு, தங்கச்சி. அவர்களுக்கு வரவு என்றால் நமக்கு வழியனுப்பு. ஆவணி, புரட்டாசியில் இங்கு வந்து சேர்பவை சித்திரை முடிவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் நீங்கள் பார்த்தது வீண் அல்ல. அப்போதுதான் அவை நிறம் மாறுகின்றன. மார்கழியில் சேற்றோடு சேறாக நின்ற மணல்நிற உப்புக்கொத்தியின் நெஞ்சில் செங்காவிப் பட்டை ஏறும், கண்ணருகே கறுப்புப் படரும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அதுவரை தலை வெள்ளைதான். பெயருக்கேற்ற பழுப்பு இப்போதுதான் வரும். கல்யாண உடுப்பை இங்கேயே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு மத்திய ஆசியாவுக்குப் பறக்கின்றன. ஒரே கூட்டத்தில் முழுதாக மாறியது, பாதி மாறியது, மாறவே மாறாதது எல்லாம் நிற்கும். அதைப் பார்ப்பதே தனி ருசி.

கேள்வி (கிண்ணியா): எந்த நேரத்தில் போக வேண்டும்?

பதில்: நமது கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது, அதைக் கணக்குப் பார்த்துப் பயனில்லை. மழை ஓய்ந்து களப்பு வற்றிச் சேறு தெரியும் இடத்துக்குக் காலையில் போய், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள்.

கேள்வி (நிலாவெளி, கடற்றொழிலாளர்): வைகாசியில் மணல் திட்டில் சின்ன ஆலாக்கள் கத்திக்கொண்டு ஒன்றையொன்று துரத்துகின்றன. சண்டையா தம்பி?

பதில்: இல்லை ஐயா, பெண் பார்க்கும் படலம்! காதலைப் பார்க்க விரும்புவோர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் பறக்கும் ஆணின் அலகைக் கவனியுங்கள்: மஞ்சள் அலகு, நுனி கறுப்பு, குறுக்கே ஒரு சிறு மீன். தரையில் இறங்கியதும் பெண் குஞ்சு போல உடலைத் தாழ்த்திக் கெஞ்சும். ஆண் கழுத்தை நிமிர்த்தி, மீனைக் காட்டிக் காட்டிச் சுற்றி வரும். சில வேளை கொடுக்காமலே பறந்துவிடும், கஞ்சன். கூடு என்று ஒன்றுமில்லை, மணலில் ஒரு சிறு பள்ளம்தான். முட்டை இரண்டோ மூன்றோ, மணலின் நிறத்திலேயே இருக்கும். நண்பகலில் நாம் அருகே போய்த் தாயை எழுப்பிவிட்டால் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் முட்டை வெந்துபோகும். தலைக்கு மேல் வந்து கத்தினால் பின்வாங்குங்கள். திட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (மூதூர்): மணல் மேட்டில் வரிசையாகத் துளைகள். பாம்பாக இருக்குமா?

பதில்: துளையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். கால்கள் தேய்த்த இரு பள்ளக் கோடுகளும் வாயில் புதுமணலும் இருந்தால் நீலவால் பஞ்சுருட்டானாக இருக்கலாம். மாரியில் நாடெங்கும் காணப்படும் இந்தப் பறவை, கிழக்கு மாகாணத்தில் இனப்பெருக்கமும் செய்கிறது. ஆண் தும்பியையோ தேனீயையோ பிடித்துவந்து கிளையில் அடித்து, கொடுக்கைத் தேய்த்து நீக்கிய பின்பே பெண்ணுக்கு ஊட்டும். துளைக்குள் கைவிட வேண்டாம். பாம்பும் பஞ்சுருட்டானைத் தேடி வரும்.

கேள்வி (திருகோணமலை நகர்): தை மாதத்தில் அந்தியானால் கிணற்றடியில் கூவிய ஆறுமணிக் குருவி இப்போது எங்கே?

பதில்: இந்தியாவில். தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது அங்கே கூடு கட்டும். ஐப்பசியளவில் அதே கிணற்றடியைக் கவனியுங்கள்.

கேள்வி (குச்சவெளி): புறாத்தீவுப் புறாக்களும் வலசை வருபவையா?

பதில்: இல்லை. அவை பாறையிடுக்கில் கூடு கட்டி இங்கேயே வாழும் மாடப்புறாக்கள். 2003 இல் தேசியப் பூங்காவான தீவு அது. பாறைகளில் ஏறிக் கூடுகளைத் தேடாதீர்கள், படகில் இருந்தே நன்றாகத் தெரியும்.