திருத்திய பதிவு ஏன் கடைசிக்குப் போகிறது?

கேள்வி: திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கிறோம். துணி வந்த வரிசையில்தான் சாயம் போடுவோம். இன்வேர்டு (துணி வரவு) பதிவுகள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன, இரண்டு கம்ப்யூட்டரில் பதிகிறோம். ஒரு லாட்டின் (ஒரு தடவை வந்த துணி) எடையைத் திருத்தினால் அந்த லாட் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகிறது. பார்ட்டிகள் (துணி கொடுப்பவர்கள்) சண்டைக்கு வருகிறார்கள். சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர், டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, புது சர்வர் வாங்குங்கள், அதுவரை மாதாமாதம் வந்து வரிசைப்படுத்தித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் டேட்டாபேஸ் கெடவில்லை.

பதிவுகள் இருக்கும் டேபிளுக்குள் வரிசை என்று ஒன்று கிடையாது. இந்த வகை டேட்டாபேஸுக்கு 1970இல் ஒரு கட்டுரையில் அடித்தளம் போட்டவர் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட். பதிவுகள் உள்ளே எந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்பதை நம்பி புரோகிராம் எழுதக் கூடாது என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். எந்த வரிசையில் வேண்டும் என்று நீங்கள் கேட்காவிட்டால், டேட்டாபேஸ் தனக்கு வசதியான வரிசையில் எடுத்துக் கொடுக்கும். கல்லூரிகளில் இதைச் சொல்லித்தராமலே பிள்ளைகளைப் படித்து முடித்தவர்கள் என்று அனுப்புகிறார்கள். அதன் பலனை உங்களைப் போன்றவர்கள் அனுபவிக்கிறீர்கள்.

நடப்பது இதுதான். 412.5 கிலோவை 421.5 என்று திருத்துகிறீர்கள். போஸ்ட்கிரெஸ் பழைய பதிவின் மேலேயே எழுதாது. அதை அப்படியே விட்டுவிட்டு, திருத்திய பிரதியை இடமிருக்கும் வேறோர் இடத்தில் எழுதும். உங்கள் விஷயத்தில் அந்த இடம் கடைசியில் அமைகிறது. பழைய பிரதியை வேக்யூம் என்ற வேலை பிற்பாடு துடைத்துக் காலி இடமாக்கும். அப்புறம் இன்றைக்கு வரும் புது லாட் அந்தக் காலி இடத்தில் போய் உட்காரலாம். போன மாதப் பதிவுகளுக்கு நடுவே இன்றைய லாட் தெரிந்தாலும் பதற வேண்டாம், காரணம் இதேதான்.

தீர்வு சின்னது. டேபிளில் தானாக ஏறும் எண் ஒன்று வேண்டும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஐடென்டிட்டி என்ற வசதி இருக்கிறது. பட்டியல் எடுக்கும் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ‘ஆர்டர் பை’ (இந்த வரிசையில் கொடு) என்று போட்டு அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் போதாது. இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. நேரம் சர்வரிலிருந்துதான் பதிவாக வேண்டும், அதோடு எண்ணும் வேண்டும். ராத்திரி வண்டியில் வந்த துணியைக் காலையில்தான் பதிகிறீர்கள் என்றால், வந்த நேரத்துக்குத் தனிக் கட்டம் போட்டு, முதலில் அதன்படியும் பிறகு எண்ணின்படியும் வரிசைப்படுத்துங்கள்.

ஒரு இடத்தில் கவனம். ஏற்கெனவே இருக்கும் டேபிளில் இந்த எண்ணைச் சேர்த்தால், பழைய பதிவுகள் இப்போது கிடக்கும் கலைந்த வரிசையிலேயே எண் பெற்றுவிடும். அப்புறம் தவறான வரிசையே நிரந்தரமாகிவிடும். பதிந்த நேரம் இருந்தால் அதன்படி முதலில் எண் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டிசி (டெலிவரி சலான்) நகல்களையும் இன்வேர்டு நோட்டையும் எடுத்துவைத்து, சாயத்துக்குக் காத்திருக்கும் லாட்டுகளுக்காவது கையால் எண் போடுங்கள்.

மாதாமாதம் வரிசைப்படுத்துவது பற்றி. போஸ்ட்கிரெஸில் கிளஸ்டர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பதிவுகளை அந்த நேரத்துக்கு அடுக்கிவைக்கும். அதற்குப் பின் செய்யும் திருத்தங்களை அது கவனிக்காது, மறுநாளே கலைய ஆரம்பிக்கும். உங்களவர் செய்வது இதுவாக இருந்தால், ஒருமுறை ‘ஆர்டர் பை’ எழுதி முடிக்க வேண்டிய வேலைக்கு ஆயுள் முழுக்கப் பணம் வாங்கப் பார்க்கிறார். ஏஎம்சி (வருடாந்தர பராமரிப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் இப்படி நடப்பதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். கேட்பாரில்லாமல் இது நடப்பது எனக்கு ஆற்றாமைதான்.

அடுத்து, ‘எண்ணில் இடைவெளி விழுகிறது, சரிசெய்து தருகிறேன்’ என்று வருவார்கள். விடாதீர்கள். சேமிக்கும்போது ஏதாவது தடங்கல் வந்தால், எடுத்த எண்ணை போஸ்ட்கிரெஸ் திரும்பப் பெறாது. சர்வர் சரியாக மூடாமல் அணைந்தால் ஒரேயடியாக சுமார் முப்பது எண் வரை தாவுவதும் உண்டு. வரிசைக்கு இடைவெளியால் கெடுதல் இல்லை. ஆனால் எண்ணை மாற்றினால், அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சாயப் பதிவும் டெலிவரிப் பதிவும் வேறு பார்ட்டியின் துணியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

பில் நம்பர் மட்டும் இதில் சேராது. ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் நம்பர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. தாவும் எண்ணை இங்கே பயன்படுத்தினால் 118க்குப் பிறகு 121 வந்து நிற்கும், நடுவிலுள்ள இரண்டு பில் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். அதனால் கடைசி பில் நம்பரைத் தனியாக ஒரு சின்ன டேபிளில் வைத்து, பில் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் (நடந்தால் எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) ஒன்று கூட்ட வேண்டும். பில் சேமிக்கப்படாவிட்டால் நம்பரும் ஏறாது. ஒரே நேரத்தில் இரண்டிலும் பில் போட்டால் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒரு கணம் காத்திருக்கும், பரவாயில்லை. ரத்தான பில்லை அழிக்காமல் ‘ரத்து’ என்று குறித்துவையுங்கள். ஏப்ரல் 1ஆம் தேதி மறுபடி 1இலிருந்து தொடங்கலாம். லாட் எண்ணை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் முழு பேக்கப் எடுத்து, சர்வர் இல்லாத வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். டேட்டாபேஸின் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா? பலரிடம் இருப்பதில்லை, போட்டுக்கொடுத்தவர் வைத்துக்கொள்கிறார். அதை எழுதி வாங்கி, உள்ளே நுழைய முடிகிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.