மணமகள் அறை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கரூர்ப் பக்கம் திருமணங்களுக்குக் கேண்டிட் படம், அதாவது நிற்க வைக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கும் படம், எடுத்துக் கொடுப்பது என் தொழில். இது நான்காவது ஆண்டு. முகூர்த்தத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் பெண் வீட்டார் அறையிலும் மாப்பிள்ளை அறையிலும் அவர்கள் தயாராவதை எடுப்பதுதான் எனக்குத் தரப்படும் முக்கியமான வேலை. எல்லா வீட்டாரும் கைப்பேசியில் ஏதாவது ஒரு காணொளியைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். அதனால் அம்மா தோடு மாட்டிவிடுவது போலவும், அலங்காரம் முடிந்த மகளை அப்பா முதன்முதலாகப் பார்த்துக் கண் கலங்குவது போலவும் நானே சொல்லிக்கொடுத்துச் செய்ய வைக்கிறேன். சென்ற தை மாதம் ஒரு தந்தையை மூன்று முறை கதவைத் திறந்துகொண்டு வரச் சொன்னேன். மூன்றாம் முறை அவர், "அழுகை வரலையே தம்பி, நான் என்ன பண்ண?" என்றார். பிறகு பந்திக்குத் தண்ணீர் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

இன்னொன்றும் உண்டு. வேறொரு திருமணத்தில் சுமங்கலிகள் பெண்ணுக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தபோது, கணவரை இழந்த அவளுடைய அம்மா அறைக்கு வெளியே நின்று மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்தேன். யாரும் நடிக்காத படம். என் இணையப் பக்கத்தில் போட்டதும் ஆயிரக்கணக்கானவர்கள் பாராட்டினார்கள். மறுவாரம் அந்த அம்மா அழைத்தார். "என்னைப் பாத்து ஊரே பாவப்படணுமா?" என்று மட்டும் கேட்டார். படத்தை நீக்கிவிட்டேன். நடிக்க வைத்தாலும் தவறு, நடிக்க வைக்காமல் எடுத்தாலும் தவறு என்றால், எதைத்தான் கேண்டிட் என்பது?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தவறுகளும் வெவ்வேறானவை. முதலாவது எடுக்கும்போது நேர்ந்தது. இரண்டாவது காட்டும்போது நேர்ந்தது. அந்த அம்மாவின் படத்தை எடுத்ததில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வீட்டிலிருக்கும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1987ஆம் ஆண்டு வைகாசியில் மாயவரத்தில் ஒரு சத்திரத்தில் என் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். அன்றைக்குப் படம் எடுக்க வந்தவர் எங்கள் தெருவிலேயே ஸ்டூடியோ வைத்திருந்தவர். அப்போது ஒரு ஃபிலிம் ரோலில் 36 படங்கள்தாம். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துபோனால் அப்புறம் அந்த ஊரில் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் முகூர்த்தத்துக்குச் சற்று முன்பாகவே, பழைய ரோலில் மிச்சமிருப்பதை எதையாவது எடுத்துத் தீர்த்துவிட்டுப் புது ரோல் போட்டுக்கொள்வது வழக்கம். ஐந்தரை மணிக்கு அவர் பெண் அறையின் வாசலில் நின்று, "ரோல்ல ரெண்டு மிச்சம் இருக்கு, வரலாமா அம்மா?" என்று கேட்டார். அம்மா வரச் சொன்னாள். முதல் படத்துக்கு எல்லோரும் வேலையை விட்டு நிமிர்ந்து வரிசையாக நின்றார்கள். ஃபிளாஷ் அடித்தது. எடுத்தாகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் விட்ட இடத்துக்குத் திரும்பினார்கள். அவருக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. ஃபிளாஷ் மறுபடி தயாராகவில்லை. குண்டு பல்பின் வெளிச்சத்திலேயே அதையும் எடுத்துவிட்டார்.

அந்த இரண்டாவது படத்தில் அம்மா தரையில் முழங்காலிட்டு அக்காவின் கூறைப்புடவைக் கொசுவத்தை நீவிக்கொண்டிருக்கிறாள். உதட்டில் மூன்று ஊக்குகளைக் கவ்வியிருக்கிறாள். முந்தைய இரவு முழுக்கத் தூங்காத கண்கள். பின்னால் தெரியும் குதிகாலில் வெடிப்பு. சன்னல் திட்டில் யாரோ கொண்டுவந்து வைத்த காப்பி, ஆடை படிந்து, குடிக்கப்படாமல் இருக்கிறது. அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை; குனிந்து அம்மாவின் தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஷட்டர் மெதுவாக ஓடியதால் அம்மாவின் வலது கை மட்டும் கலங்கியிருக்கிறது. படம் முழுக்க மஞ்சள். சரியாக வராத படம் என்று ஸ்டூடியோக்காரர் அதை ஆல்பத்தில் ஒட்டாமல் நெகட்டிவ் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று எடுத்தவற்றில் அம்மா இருக்கும் படங்கள், இதையும் சேர்த்து, பதினேழு. பதினாறில் அவள் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 2009இல் அவள் இறந்தபோது நாங்கள் நான்கு பிள்ளைகளும் பிரதி கேட்டது உறைக்குள் கிடந்த இந்த ஒன்றுக்குத்தான்.

அந்த ஒளிப்படக்காரருக்குக் கேண்டிட் என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் செய்தது இரண்டே காரியங்கள்: வாசலில் நின்று கேட்டார், கேட்ட பிறகு, தம்மை அவர்கள் மறக்கும் வரை அங்கே இருந்தார். இன்று உங்கள் தொழிலில் "டிரெடிஷனல் எடுப்பவர்", "கேண்டிட் எடுப்பவர்" என்று இரண்டு பேரைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். முன்னவர் மேடையில் விளக்குப் போட்டு நிற்கிறார். பின்னவர் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் எப்படியோ எல்லோரிடமும் ஊறிவிட்டது. எனக்குக் கவலை தருவது அந்த எண்ணம்தான்.

அது வந்த வழியைச் சொல்கிறேன். கேண்டிட் கேமரா என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததே ஜெர்மனியின் ஒளிப்படக்காரர் எரிச் சாலமன் எடுத்த படங்களை ஒட்டித்தான். சட்டம் படித்த அவர், 1928இல் பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையை, படம் எடுக்கத் தடை இருந்த நீதிமன்றத்துக்குள், மறைத்து எடுத்துச் சென்ற எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவால் எடுத்தார். எஃப் 1.8 வரை அகலத் திறந்து நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் அதில் இருந்ததால் ஃபிளாஷ் இல்லாமலே அறைக்குள் படம் எடுக்க முடிந்தது. பிறகு அரசுத் தலைவர்கள் கூடிப் பேசும் மூடிய அறைகளுக்குள்ளும் அப்படியே நுழைந்தார். 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். அதிகாரம் உள்ளவர்கள் கதவை மூடிக்கொண்டு பேசும் இடத்தில் மறைந்திருந்து எடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. மணமகள் அறையில் அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது? பின்னல் பாதியில் நிற்க, ஒரு கையில் வளையல் ஏறியிருக்க, மறு கையில் ஏறாதிருக்க, தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். அங்கே மறைவதற்கு எந்த நியாயமும் இல்லை. சாலமனின் படங்களில் மிகவும் பேசப்படுவதுகூட, 1931இல் பாரிஸில் பிரெஞ்சு அமைச்சர் பிரியான் அவரைக் கண்டுகொண்டு நேராக விரலை நீட்டிச் சுட்டும் படம்தான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதனால்தான் பெண் அறைக்குள், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு மூலையில் நிற்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. தூரத்திலிருந்து எடுக்கப்படும் முகத்துக்குத் தான் எடுக்கப்படுவது தெரியாது. 35 மி.மீ. லென்ஸோடு வேலை செய்பவர் கை எட்டும் தூரத்துக்கு வர வேண்டும். வந்தால் பேச வேண்டும். ஊக்கு கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். சத்தமே இல்லாத மின்னணு ஷட்டரிலும் எனக்கு இதே வருத்தம் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். மண்டபங்களில் மாட்டியிருக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கின் அடியில் அந்த ஷட்டரால் எடுத்தால் படத்தில் வரி வரியாகக் கோடு விழும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்து, வழக்கமான ஷட்டரிலேயே எடுங்கள். கோடும் விழாது, அந்தச் சிறு சத்தம் நீங்கள் அங்கே இருப்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கும். பத்து நிமிடத்தில் அந்தச் சத்தம் அவர்களுக்குப் பழகிவிடும். பழகிய பிறகு அவர்கள் உங்களை மறப்பது அவர்களாகவே உங்களுக்குத் தருவது.

புடவை மாற்றும் நேரத்தில் நீங்கள் வெளியேதான் இருக்க வேண்டும். உடன் பணியாற்றும் பெண் ஒருவர் இருந்தால்கூட, மணமகள் கூப்பிட்ட பிறகே அவர் உள்ளே போகட்டும். மாப்பிள்ளை அறையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வேட்டி நிற்காமல் நழுவ, சித்தப்பா ஒருவர் பெல்ட்டைத் தேடி ஓடும் அந்த அறையையும் சற்றுக் கவனியுங்கள்.

இனி அந்தத் தந்தை. அவரை மூன்று முறை கதவைத் திறக்க வைத்தபோது, அவருடைய அன்றைய நாளை வாங்கிக்கொண்டு, யாருடைய காணொளியிலோ வந்த வேறொரு தந்தையின் நாளை அவருக்குக் கொடுத்தீர்கள். மகளை அலங்காரத்தோடு முதன்முதலாகப் பார்க்கும் கணம் என்று ஒன்று நம் வீடுகளில் தனியாக இருந்ததே இல்லை. அவர் அதிகாலை மூன்று மணியிலிருந்து பூ வாங்கப் போகும்போதும், சீர்வரிசைத் தட்டுகளை எண்ணும்போதும், அந்த அறையை நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார். அழுகை வரவில்லை என்று அவர் சொன்னது உண்மை. வருத்தமும் பூரிப்பும் அவருக்கு வேறு எங்கேயோ, தண்ணீர் வண்டியிலும் இலைக்கட்டிலும் போய் உட்கார்ந்திருந்தன. வீட்டார் காணொளியைக் காட்டும்போது மறுத்துப் பேச வேண்டியதில்லை. அவர்கள் கேட்கும் இரண்டு படங்களைக் கேட்டபடியே, நிற்க வைத்து, வெளிப்படையாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நிற்க வைத்து எடுத்த படத்தில் பொய் இல்லை. என் அம்மாவின் பதினாறு படங்களும் அப்படிப்பட்டவைதாம். நிற்க வைத்ததை நிற்க வைக்காதது போலக் காட்டும்போதுதான் அந்தக் குடும்பத்தின் நினைவில் ஒரு பொய் நுழைகிறது. முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெண் தன் பிள்ளைகளிடம், "தாத்தா அழுதார்" என்று சொல்வாள். அவர் அழவில்லை.

கணவரை இழந்த அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது சரியான இடம். சுமங்கலிகள் சூழ்ந்திருக்க, பெற்றவள் வெளியே நிற்கும் அந்த வழக்கம் எனக்கு ஆறாத கோபம் தருவது. அதை யாராவது பார்த்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படம் அவருடையது, அவர் மகளுடையது. சட்டமும் இதில் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அவரே முதல் உரிமையாளர் என்கிறது. நம் ஊரில் பெரும்பாலோர் தேதியும் முன்பணமும் பேசுவதோடு சரி, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே இல்லை. உடை குறைந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணின் படமாக இருந்தால், எடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவது குற்றம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் படம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் எடுப்பதற்குத் தந்த சம்மதமும் காட்டுவதற்குத் தரும் சம்மதமும் வேறு வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது என்பதற்காகச் சொன்னேன். இனிமேல் திருமணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, படங்களை அவர்கள் பார்த்த பிறகு, எவற்றை வெளியிடலாம் என்று படத்தில் இருப்பவரிடமே கேளுங்கள். மாப்பிள்ளையிடம் கேட்டால் போதாது. மாலைக்குத் தண்ணீர் தெளித்தவரிடம் கேட்க வேண்டும்.

நீக்கியதோடு அந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள். நல்ல தாளில் ஒரே ஒரு பிரதி போட்டு, அந்த மகளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே நலங்கு நடக்கும்போது அவள் முகம் உயர்த்தாமல் உட்கார்ந்திருந்திருப்பாள். அம்மா எங்கே நின்றாள் என்பதை அவள் பார்த்திருக்க வழியில்லை.

அப்படியே அந்தத் தை மாதத் திருமணத்தின் கோப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கழித்து ஒதுக்கியவற்றுக்குள், பின்னணியில், ஃபோகஸ் இல்லாமல், தண்ணீர் வண்டிக்காரரோடு அந்த அப்பா பேசிக்கொண்டிருப்பது எங்கேனும் விழுந்திருக்கக்கூடும். கிடைத்தால் அதையும் அச்சிட்டு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.