மாமா சொல்லும் டாக்டர் படிப்பும் மகள் கேட்கும் இரும்பும்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளை, “பாக்டீரியாவில் இருக்கும் இரும்பைப் பற்றிப் படிக்கிறேன்” என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் கடிதத்தில் மகளைவிட, அவளை டாக்டருக்குப் படிக்கச் சொல்லும் பெரிய மாமாதான் அதிகம் பேசுகிறார். பணம் கட்டப்போவது அவர் இல்லையே?

தனியார் மருத்துவப் படிப்புக்குப் பல லட்சம் ரிங்கிட் வேண்டும். அதற்காக அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்து, வீட்டையும் அடகு வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2016 இறுதியில் புதிய அரசு டாக்டர்களுக்கு ஒப்பந்த முறை வந்த பிறகு, டாக்டர் பட்டம் வாங்கினாலே நிரந்தர அரசு வேலை என்ற நிலை போய்விட்டது. பிள்ளை கேட்காத படிப்புக்கு ஓய்வுக்காலப் பணத்தைக் கொட்டாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

டாக்டர் இல்லையென்றால் பார்மசி, பொறியியல் என்ற வழியெல்லாம் மாமாவுக்கே தெரியும். அவருக்குத் தெரியாத, மகள் கேட்கும் அந்த இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கான மீத்தேன் லேசில் வினைபுரியாத வாயு. தொழிற்சாலையில் அதை மெத்தனால் என்ற திரவமாக ஆக்க, முதலில் பல நூறு டிகிரி வெப்பத்தில் உடைக்க வேண்டும். மெத்திலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதே வேலையை 45 டிகிரியில் முடித்துவிடுகிறது. அதன் நொதி ஒன்றின் நடுவே இரண்டு இரும்பு அணுக்கள் அருகருகே உட்கார்ந்து ஆக்ஸிஜனைப் பிடிக்கின்றன. அப்போது ‘கியூ’ என்ற இடைநிலை வடிவம் தோன்றி, சில நொடிகளில் மறைந்துவிடும். மீத்தேனைத் தாக்குவது அதுதான். வினை நடக்கும்போதே மில்லி நொடிகளில் உறையவைத்து, காமா கதிர் பாய்ச்சி, இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இப்படிப் பார்க்கும் முறைக்கு மோஸ்பவர் நிறமாலை என்று பெயர். இரும்பு அணுக்களிலேயே எடை சற்று மாறுபட்ட வகைகள் (ஐசோடோப்புகள்) உண்டு; அவற்றில் இரும்பு-57ஐ மட்டுமே அது காணும். இயற்கை இரும்பில் அது நூற்றுக்கு இரண்டு பங்குதான். அதனால் பாக்டீரியாவுக்கே அந்த இரும்பை ஊட்டி வளர்ப்பார்கள். கியூவில் இரண்டு இரும்பு அணுக்களும் நான்காம் ஆக்ஸிஜனேற்ற நிலையில், அதாவது நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருப்பது 1993இல் இப்படித்தான் தெரிந்தது. கியூவின் சரியான வடிவம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் மகளுக்கும் அங்கே வேலை மிச்சம் இருக்கிறது.

சோறு போடுமா என்று கேட்பீர்கள். லாபுவான் தீவில் நம் எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ் இயற்கை எரிவாயுவிலிருந்து மெத்தனால் எடுக்கிறது. நம் செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களிலிருந்து மீத்தேன் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. ஆராய்ச்சி சலித்துப் போனாலும், நிறமாலைக் கருவிகளில் பழகிய கைக்கு பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடங்களில் வேலை உண்டு. டாக்டர் சம்பளம் உடனே வராது, அதை ஒளிக்கவில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம், பிறகு பினாங்கிலேயே இருக்கும் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் வேதியியல். கட்டணம் உங்களுக்குத் தாங்கும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு மட்டுமே வெளிநாடு போகட்டும். அமெரிக்காவில் வேதியியல் முனைவர் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகி, மாதப்படியும் கிடைக்கும். கடன் வாங்கி அனுப்பாதீர்கள்.

ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு வேதியியலோடு கணிதத்தையும் இயற்பியலையும் எடுக்கச் சொல்லுங்கள். உயிரியலைக் கைவிட அவளுக்கு மனம் வராது என்று தெரியும். ஆனால் நிறமாலைக்கு இயற்பியல்தான் கை கொடுக்கும்.