ஸ்கிரிப்ட் ஃபைலைத் திருத்தி ஏற்றிவிட்டேன், பிரவுசர் இன்னும் பழையதையே ஓட்டுகிறது. என்ன செய்வது?

முதலில், உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இப்படியா, தளத்துக்கு வருகிற எல்லோருக்குமா என்று பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உங்களுக்கு மட்டும் என்றால் டெவ்டூல்ஸை, அதாவது பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் டேபில் 'டிசேபிள் கேஷ்' டிக் செய்யுங்கள். கேஷ் என்பது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகல். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

எல்லோருக்கும் என்றால், தயவுசெய்து 'கேஷை கிளியர் பண்ணுங்க' என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். ஒரு படிவத்தின் பிழையைத் திருத்திவிட்டு, புகார் சொன்னவர்களுக்கெல்லாம் போனில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். புகார் சொல்லாமல் பாதியில் விட்டுப் போனவர்களுக்கு யார் சொல்வது?

ஃபைலோடு சேர்த்து, அதை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரை சர்வர் அனுப்பாவிட்டால், எவ்வளவு நாள் வைத்துக்கொள்வது என்று பிரவுசரே கணக்குப் போடும். ஃபைல் கடைசியாக மாறி எத்தனை நாளோ, அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. 100 நாளாக மாறாத ஃபைலை இன்று ஒருவர் இறக்கினால், 10 நாளைக்கு அவருடைய பிரவுசர் சர்வரைக் கேட்கவே கேட்காமல் இருக்கலாம். நாளைக்கே நீங்கள் திருத்தினாலும் அவருக்குப் போகாது. அதனால்தான் நீண்ட நாள் தொடாத ஃபைல் அதிகம் படுத்துகிறது.

தீர்வு, ஃபைலின் முகவரியை மாற்றுவது. 'மெயின்.ஜேஎஸ்?வி=7' என்பதை 'வி=8' ஆக்கினால் பிரவுசருக்கு அது புது ஃபைல். கையால் எண் போட்டால் என்றாவது மறந்துவிடும். உள்ளடக்கத்திலிருந்து எடுத்த ஹேஷை, அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீட்டை, பெயரிலேயே சேர்ப்பது நல்லது. வீட் (Vite) என்ற கருவியில் பில்ட் செய்தால் தானாகவே வரும், வெப்பேக் என்ற கருவியில் 'கன்டென்ட்ஹேஷ்' என்று நாம் கொடுக்க வேண்டும். அப்படிப் பெயரிட்ட ஃபைல்களுக்கு மேக்ஸ்-ஏஜ் (வைத்துக்கொள்ளும் காலம்) 31536000 நொடி, அதாவது ஒரு வருடம், தாராளமாகக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் எனக்குப் பழையதே வந்தது. பார்த்தால், ஹெச்டிஎம்எல் பக்கமே கேஷில் இருந்தது. பழைய பக்கம் பழைய முகவரியைத்தானே கேட்கும்! ஹெச்டிஎம்எல்லுக்கு 'நோ-கேஷ்' கொடுத்தபிறகுதான் சரியானது. சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்'. நோ-கேஷ் என்றால், வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்று பொருள். ஈடேக் (பக்கத்தின் பதிப்பைக் காட்ட சர்வர் அனுப்பும் அடையாளம்) இருந்து, பக்கமும் மாறாமல் இருந்தால் சர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும், பக்கம் மறுபடி இறங்காது.

இன்னும் பழையதே வந்தால், நெட்வொர்க் டேபில் சைஸ் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 'சர்வீஸ்வொர்க்கர்' என்று இருந்தால், எப்போதோ பதிந்த சர்வீஸ் வொர்க்கர், அதாவது தளத்துக்கும் சர்வருக்கும் நடுவே பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட்தான் அந்த ஃபைலைக் கொடுக்கிறது. அப்ளிகேஷன் டேபில் அதை அன்ரிஜிஸ்டர் செய்தால் உங்களுக்கு மட்டும் போகும். எல்லோருக்கும் போக, அந்த வொர்க்கரின் கோடில் கேஷ் பெயரை மாற்றி, ஆக்டிவேட் ஆகும்போது பழைய கேஷை அழிக்கும்படி எழுதுங்கள்.