டிராஃப்ட் வருது, எந்தக் கப்பலைக் கேட்கலாம்?

கேள்வி: அண்ணா, நான் கடற்படையில் லாஜிஸ்டிக்ஸ் மெட்டீரியல் (ஸ்டோர்) பிரிவில் லீடிங் ரேங்க். மும்பை ஐஎன்எஸ் ஹம்லா பயிற்சி நிலையத்தில் கோர்ஸ் முடித்ததிலிருந்து கரையிலேயே, கிடங்கு வேலையிலேயே ஓடிவிட்டது. இப்போது கடல் டிராஃப்ட் (கப்பலுக்கு மாற்றல்) வரப்போகிறது, விருப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு சீனியர் "எண்ணெய்க் கப்பலான டேங்கரைக் கேள், நிம்மதி" என்கிறார். இன்னொருவர் "ரீஃபிட்டில், அதாவது பெரிய பழுதுபார்ப்பில், நிற்கும் கப்பலைக் கேள், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். எனக்கோ விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் மேல் ஆசை. எதை எழுத?
*பெயர் வேண்டாம், விசாகப்பட்டினம்*

பதில்: தம்பி, நீங்கள் எழுதுவது விருப்பம், அவ்வளவுதான். டிராஃப்ட் போடுவது மும்பை மான்குர்டில் உட்கார்ந்திருக்கும் சைலர்ஸ் பீரோ. உங்கள் ரேங்க், இதுவரை கடலில் இருந்த காலம், எந்தக் கப்பலில் ஆள் குறைகிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள். ஆனாலும் கேட்டது கிடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அந்தத் தாளை யோசித்து நிரப்புங்கள். பலர் ஊரைப் பார்த்து நிரப்புகிறார்கள், சிலர் கப்பலின் பெயரைப் பார்த்து. ஸ்டோர்காரர் பார்க்க வேண்டியது வேறு: அந்தக் கப்பலில் எவ்வளவு வேலை உங்கள் கை வழியாகப் போகும் என்பது.

விக்ராந்த் ஆசை புரிகிறது. 262 மீட்டர் நீளம், 1,600 பேர், இரண்டாயிரத்துக்கும் மேல் அறைகள். வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய கப்பலில் வேலையைப் பிரித்துத்தான் கொடுக்க முடியும். ஒருவருக்கு விமான உதிரிபாகம், ஒருவருக்குத் துணிமணி, ஒருவருக்குக் கம்ப்யூட்டரில் டிமாண்ட் போடுவது என்று ஆளுக்கு ஒரு துண்டு. ஒரு துண்டை நன்றாகக் கற்றுக்கொள்வீர்கள், முழுசாக ஒரு கப்பலுக்குச் சாமான் ஓட்டத் தெரியாமலே அங்கே இருக்கும் காலம் (டென்யூர்) முடிந்துவிடலாம். அடுத்த ரேங்கான பெட்டி ஆபீசர் ஆன பிறகு போங்கள், அப்போது ஆளை வைத்து வேலை வாங்கக் கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

சின்ன ரோந்துக் கப்பல் இதற்கு நேரெதிர். பெயின்ட், கயிறு, பல்பு, ஃபில்டர், அரிசி, பருப்பு எல்லாமே ஒன்றிரண்டு பேர் தலையில். சந்தேகம் கேட்க மேலே அனுபவசாலி இருக்கமாட்டார். கடல் கொஞ்சம் பொங்கினாலே ஸ்டோர் ரூமில் நிற்க முடியாது. முதல் கடல் டிராஃப்டுக்கு இது கொஞ்சம் கடினம்தான்.

டேங்கர் நிம்மதி என்று சொன்னவர் அதில் போயிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். தீபக், சக்தி இரண்டும் இத்தாலியில் கட்டி 2011ல் வந்தவை, 27,500 டன், இடவசதி தாராளம், அதுவரை சரி. ஆனால் ஃப்ளீட் (கப்பல் கூட்டம்) கிளம்பினால் டேங்கரும் கிளம்பியாக வேண்டும். மற்றக் கப்பல்கள் எல்லாம் உங்களிடம்தான் எண்ணெய் வாங்க வரும். இரண்டு கப்பல் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட, நடுவில் ஹோஸ் தொங்க, ராஸ் (ஓடிக்கொண்டே எண்ணெய், சாமான் மாற்றுவது) நடக்கும் நாளில் யாருக்கும் தூக்கம் கிடையாது. வேலை சுவாரசியமானது. நிம்மதி வேண்டும் என்பதற்காகக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

ரீஃபிட் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரீஃபிட் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் வீடு உறுதி, ஆனால் கப்பல் கப்பலாகவே இருக்காது. பாதி சாமான் கரையில் இறக்கி வைத்திருப்பார்கள், கழற்றிய மெஷின் ஒரு ஒர்க்ஷாப்பில், அதன் உதிரி இன்னொரு இடத்தில். யார் கையெழுத்துப் போட்டு எதை எடுத்துப் போனார்கள் என்று தேடுவதிலேயே வருஷம் போகும். அதே கப்பலில் ரீஃபிட் முடிய ஐந்தாறு மாதம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் கதையே வேறு. காலி அலமாரி ஒவ்வொன்றும் உங்கள் கண் முன்னால் நிரம்பும், எந்தப் பெட்டி எங்கே என்று உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும், அப்புறம் அந்தக் கப்பலோடேயே கடலுக்குப் போவீர்கள். என்னைக் கேட்டால், நடுத்தரப் போர்க்கப்பலான ஒரு டெஸ்ட்ராயர் அல்லது ஃப்ரிகேட், முந்நூறு பேருக்குள், ரீஃபிட் முடியும் கட்டத்தில். இதுதான் உங்களுக்கு முதல் விருப்பம். விசாகப்பட்டினத்திலேயே கிழக்கு ஃப்ளீட் இருக்கிறது, ஜெட்டியில் எந்தக் கப்பல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை டீக்கடையில் நின்றாலே சொல்லிவிடுவார்கள்.

எந்தக் கப்பல் கிடைத்தாலும் பொறுப்பு ஏற்கும் டேக்ஓவரில் ஏமாறாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் லீவுக்கு டிக்கெட் போட்டிருப்பார், "எல்லாம் சிஸ்டத்தில் சரியாக இருக்கு, கையெழுத்துப் போடு" என்பார். போடாதீர்கள். குறைந்தது விலை கூடிய ஐட்டங்களையும், ஆபத்துக்குத் தேவைப்படும் உதிரிகளையும் கையால் தொட்டு எண்ணுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நடுக்கடலில் குடிநீர் தயாரிக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் பம்ப் சீல் போய்விட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எஞ்சின் ரூம் ஆள் வந்து நிற்பார். சாமான் கணக்கு வைக்கும் ஐ.எல்.எம்.எஸ். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு என்று காட்டும். கீழே இறங்கி, அலமாரிக் கம்பியை விலக்கி, பெட்டியைத் திறந்தால் ஒன்றுதான் இருக்கும். அதுவும் ரப்பர் காய்ந்து, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். லேபிளில் காலாவதி தேதி என்றைக்கோ முடிந்திருக்கும். அந்த நேரத்தில் "பழைய ஆள் பார்க்கவில்லை" என்று சொல்லிப் பயனில்லை, கையெழுத்து உங்களுடையது. ரப்பர், பேட்டரி, பெயின்ட் இந்த மூன்றுக்கும் முதல் வாரத்திலேயே தேதி பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் கடற்படையில் ஸ்டோர் பிரிவில் பெட்டி ஆபீசர். கல்யாணம் ஆனதிலிருந்து பெரும்பாலும் கப்பல்தான். மூத்தவள் ஒன்பதாவது போகிறாள், மாமியாருக்கும் உடம்பு சரியில்லை. திருநெல்வேலி பக்கம் போஸ்டிங் கேட்டால் கிடைக்குமா? கப்பல் வேலையை விட்டால் புரொமோஷன் போய்விடுமா?
*வாசகி, பாளையங்கோட்டை*

பதில்: கேட்கலாம் அம்மா, இதுதான் கேட்க வேண்டிய நேரமும். அவர் ஏற்கெனவே கடலில் நிறைய இருந்துவிட்டார், அடுத்த ரேங்குக்கு இன்னும் எவ்வளவு கடல் காலம் பாக்கி என்று மட்டும் அவர் ரெக்கார்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாக்கி இல்லை என்றால் கரைக்கு வருவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் கடற்படை இடங்கள் கொஞ்சம்தான். உங்கள் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீர்மூழ்கிகளோடு தொடர்பு வைக்கும் நிலையம், 1990லிருந்து இருக்கிறது. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, சென்னையில் அடையார், கோயம்புத்தூரில் அக்ரணி. தமிழ்நாட்டுப் பையன்கள் எல்லோரும் இதே ஐந்தைத்தான் எழுதுகிறார்கள். அதனால் கட்டபொம்மன் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காமல் ராஜாளியையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு விமானங்கள் இருப்பதால் ஸ்டோர் வேலை கனமானது, ஆளும் தேவைப்படும். அரக்கோணத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரிப் பயணம், கர்நாடகக் கடற்படைத் தளமான கார்வாரிலிருந்து வருவதைப் பார்த்தால் அது பக்கம்தானே.

மாமியாரின் மருத்துவச் சீட்டு, ஸ்கேன், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதற்கான விவரம் எல்லாவற்றையும் சேர்த்து, கணவருடைய மேலதிகாரியான டிவிஷனல் ஆபீசர் வழியாக மனு கொடுக்கச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ. கடிதம், மாமா தெரிந்த ஆபீசர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது அவருக்கே கெடுதலாக முடியலாம்.

கேள்வி: சார், கடற்படை அக்னிவீரில் செலக்ட் ஆகி லாஜிஸ்டிக்ஸ் கிடைத்திருக்கிறது. நண்பர்கள் "கணக்குப்பிள்ளை வேலை" என்று கிண்டல் செய்கிறார்கள். நாலு வருஷத்தில் எனக்கு என்ன கிடைக்கும்?
*மதுரை வாசகர்*

பதில்: கிண்டல் செய்கிறவர்களுக்குக் கப்பலில் ராத்திரி ஃபில்டர் வேண்டும் என்றால் யாரைத் தேடி வருவார்கள் என்று தெரியாது, விடுங்கள். உங்கள் கணக்கு மேலே எழுதிய தம்பியின் கணக்கு இல்லை. நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குச் சேவா நிதியாகப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நாலு வருஷத்தில் பயிற்சிக் காலமும் போகும். எனவே ஊர் பக்கம் வேண்டும் என்று யோசிக்க உங்களுக்கு நேரமே இல்லை, கப்பல் கிடைத்தால் எந்தக் கப்பலானாலும் ஏறிவிடுங்கள். வெளியே வந்த பிறகு துறைமுகத்திலோ வேர்ஹவுஸிலோ வேலை கேட்கும்போது, முந்நூறு பேர் கப்பலுக்கு உதிரி கணக்கு பார்த்தேன் என்று சொல்ல முடிய வேண்டும். லீவில் எக்செல் கற்றுக்கொள்ளுங்கள், செய்த கோர்ஸ் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டில் பெரிய டிரங்குப் பெட்டி வாங்கித் தருவார்கள், கப்பலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மெஸ்ஸில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு சின்ன லாக்கர், மடித்து வைக்கிற பைதான் அதற்குள் போகும்.