கிராண்ட் போகிறது, டேட்டா வரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மென்பொருளில் ஓடும் 5ஜி பேஸ் ஸ்டேஷன் இருக்கிறது. சப்கேரியர் இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ். மூன்று டவுன்லிங்க் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து போனுக்கு) ஸ்லாட், அதாவது நேரத் துண்டு, ஒரு ஸ்பெஷல் (திசை மாறும் ஸ்லாட்), ஒரு அப்லிங்க் (போனிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு) என்ற வரிசை. கிராண்ட் (அப்லிங்கில் அனுப்ப போனுக்குத் தரும் அனுமதி) ஸ்பெஷல் ஸ்லாட்டில் போகிறது, கே2 (கிராண்ட் வந்த எத்தனை ஸ்லாட் கழித்து டேட்டா போக வேண்டும் என்ற எண்) மதிப்பு 1. ஒரு போன் இணைகிறது. இன்னொன்று மெசேஜ் 3 (இணையும்போது கிராண்ட் பெற்று போன் அனுப்பும் முதல் செய்தி) வரை ஒழுங்காக வந்துவிட்டு, அடுத்த கிராண்டுக்கு ஒன்றுமே அனுப்புவதில்லை. பவரைக் கூட்டியும் பயனில்லை.

பவரைத் தொடாதீர்கள். கிராண்டைப் படித்து, டேட்டாவைக் கோடிங் செய்து அனுப்ப அந்த போனுக்கு நேரம் போதவில்லை.

சிம்பல்களை எண்ணிப் பாருங்கள். ஒரு ஸ்லாட்டில் 14 சிம்பல் (ஸ்லாட்டின் சிறு நேரக் கூறு). கிராண்ட் முதல் இரண்டில் வந்தால், அடுத்த ஸ்லாட் தொடங்க 12 சிம்பல் மீதி. சாதாரண செயலாக்கத் திறன் (கேப்பபிலிட்டி 1) உள்ள போனுக்கு 30 கிலோஹெர்ட்ஸில் வேண்டியதும் அதே 12 சிம்பல், சுமார் 428 மைக்ரோ விநாடி. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இதில் இரண்டு பிடித்தங்கள் உண்டு. அப்லிங்க் சேனலின் முதல் சிம்பல் முழுக்க ரெஃபரன்ஸ் சிக்னலாக (டேட்டாவைப் படிக்க உதவும், முன்பே தெரிந்த சிக்னல்) இல்லாவிட்டால் இன்னும் ஒரு சிம்பல் கூடி 13 ஆகிவிடும். அடுத்தது டைமிங் அட்வான்ஸ். போன் ஆன்டெனாவுக்கு அடியிலேயே இருந்தாலும், இந்த அலைவரிசையில் சுமார் 13 மைக்ரோ விநாடி முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். ஆக, எப்படிப் பார்த்தாலும் பற்றாக்குறைதான்.

நேரம் போதாத கிராண்டை போன் புறக்கணிக்கலாம் என்று, 5ஜி தரநிலையை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதியே அனுமதிக்கிறது. 'புறக்கணிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'புறக்கணிக்க வேண்டும்' என்றில்லை. வேகமான சிப் உள்ள போன் எப்படியோ அனுப்பிவிடும். உங்கள் முதல் போன் இணைவது அப்படித்தான். ஒரு போனில் ஓடிவிட்டது என்பதை வைத்து கான்ஃபிகரேஷன் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

மெசேஜ் 3 மட்டும் எப்படித் தப்பியது? அதற்கு விதியே கூடுதல் அவகாசம் தருகிறது: 30 கிலோஹெர்ட்ஸில் கே2-வோடு 3 ஸ்லாட் சேரும். 1 என்று நீங்கள் வைத்தது அங்கே 4 ஆகிவிடுகிறது.

எளிய தீர்வு, அதே அப்லிங்க் ஸ்லாட்டுக்கான கிராண்டை ஒரு ஸ்லாட் முன்னால், அதாவது மூன்றாவது டவுன்லிங்க் ஸ்லாட்டில் கொடுத்து, கே2-வை 2 ஆக்குவது. 26 சிம்பல் கிடைக்கும். கே2 1-தான் வேண்டும் என்றால், மேப்பிங் டைப் (டேட்டாவை ஸ்லாட்டில் வைக்கும் முறை) பி-யில் சிம்பல் 2-இல் தொடங்கி 12 சிம்பல் நீளம் கொடுங்கள். டைப் ஏ எப்போதும் சிம்பல் 0-இல்தான் தொடங்கும் என்பதால் அது உதவாது. கேப்பபிலிட்டி 2-க்கு 5.5 சிம்பல் போதும். ஆனால் அந்தத் திறன் இருப்பதாக போன் அறிவித்திருக்க வேண்டும், நெட்வொர்க்கும் அதை இயக்கியிருக்க வேண்டும். பேஸ் ஸ்டேஷனில் மட்டும் எண்ணைக் குறைத்து வைத்தால் பழைய கதைதான்.

கேள்வி: தொழிற்சாலைக்குள் தனி 5ஜி. பிங் (சோதனைச் செய்தி போய்த் திரும்பும் நேரம்) ஒருமுறை 12 மில்லி விநாடி, மறுமுறை 30. நெரிசலே இல்லை. ஏன்?

முதலில் டிஆர்எக்ஸை (பேட்டரியை மிச்சப்படுத்த போன் அவ்வப்போது உறங்கும் வசதி) அணைத்துவிட்டு, விநாடிக்கு ஒரு பிங், 10 மில்லி விநாடிக்கு ஒரு பிங் என இரண்டு விதமாக அனுப்பிப் பாருங்கள். நெருக்கமாக அனுப்பும்போது தாமதம் குறைந்தால், நேரம் ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட்டில் (கிராண்ட் கேட்கும் கோரிக்கை) போகிறது. கையில் கிராண்ட் இல்லாத போன், தனக்கு ஒதுக்கிய வாய்ப்பு வரும்வரை காத்திருந்து கேட்கும். சிறிய கிராண்ட் வரும். அதில் பஃபர் நிலவரம், அதாவது எவ்வளவு டேட்டா காத்திருக்கிறது என்ற தகவல், போகும். பிறகுதான் பெரிய கிராண்ட்.

ரிக்வெஸ்ட் இடைவெளியையும் பாருங்கள். முதல் கேள்வியில் உள்ளது போன்ற 30 கிலோஹெர்ட்ஸ், ஐந்து ஸ்லாட் வரிசையில் 8 ஸ்லாட் இடைவெளி வைத்தால், ஐந்தில் ஒரு வாய்ப்புதான் அப்லிங்க் ஸ்லாட்டில் விழும். 4 மில்லி விநாடி என்று நீங்கள் நினைத்தது நடைமுறையில் 20 ஆகிவிடும். 5, 10, 20 ஸ்லாட் என்று வைத்து, ஆஃப்செட்டை (தொடங்கும் இடத்தை) அப்லிங்க் ஸ்லாட்டில் பொருத்துங்கள். இடைவெளியைக் குறைத்தால் கன்ட்ரோல் சேனலில் இடம் செலவாகும். 20 போன் என்றால் பரவாயில்லை, 500 என்றால் யோசிக்க வேண்டும். சென்சார் போல ஒரே சீராக அனுப்பும் கருவிகளுக்கு கான்ஃபிகர்டு கிராண்ட் (முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நிலையான அனுமதி) கொடுத்துவிடலாம். கேட்கும் வேலையே இல்லை.

கேள்வி: 120 கிலோஹெர்ட்ஸில் ஸ்லாட் எவ்வளவோ சிறியது. போனின் தயாரிப்பு நேரமும் அந்த அளவுக்குக் குறையுமா?

குறையாது. கேப்பபிலிட்டி 1 போனுக்கு 15 கிலோஹெர்ட்ஸில் 10 சிம்பல், சுமார் 714 மைக்ரோ விநாடி. 120-இல் 36 சிம்பல், சுமார் 321. ஸ்லாட் எட்டில் ஒன்றாகச் சுருங்கினாலும் சிப்பின் வேலை பாதிக்குச் சற்றுக் கீழேதான் வருகிறது. 36 சிம்பல் என்பது இரண்டு ஸ்லாட்டை விட அதிகம். அதனால்தான் 3ஜிபிபி விதியின் இயல்புநிலை அட்டவணையில் 15, 30 கிலோஹெர்ட்ஸுக்கு கே2 1-இல் தொடங்க, 120-க்கு 3-இல் தொடங்குகிறது.