கன்சோலில் சாம்பலாகத் தெரிவது பழுதா?

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கும் தமிழ்ப்பள்ளி மேடைகளுக்கும் லைட் போடுகிறவன் நான். தீபாவளி நிகழ்ச்சிகள் நெருங்குகின்றன. கன்சோல் (விளக்குகளை இயக்கும் மேசை) திரையில் சில கட்டுப்பாடுகள் சாம்பலாக மங்கித் தெரிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணே, கன்சோல்ல பார் லைட்டைத் தொட்டால் பேன் (இடவலம் திருப்புறது), டில்ட் (மேல்கீழ் சாய்க்கிறது) ரெண்டும் சாம்பலா ஆயிடுது. கன்சோல் கெட்டுப் போச்சா?

இல்லை தம்பி. பார் லைட்டில் மோட்டாரே கிடையாது, எதைத் திருப்புவது? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கன்சோல் விளக்கைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. பேட்ச் செய்தபோது, அதாவது விளக்கைக் கன்சோலில் பதிந்தபோது, நீங்கள் தேர்ந்தெடுத்த புரொஃபைலை (விளக்கில் என்னென்ன உண்டு என்ற பட்டியலை) பார்த்துச் சொல்கிறது. அதில் பேன் எழுதியிருக்கவில்லை என்றால் சாம்பல்தான்.

பாரையும் மோட்டாரால் திரும்பும் மூவிங் ஹெட்டையும் கன்சோலில் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் பேன் திரும்ப உயிர் பெறுகிறதே?

தேர்ந்தெடுத்ததில் ஒரு விளக்குக்காவது பேன் இருந்தால் பெரும்பாலான கன்சோல்கள் அதைத் திறந்துவிடும். குமிழைத் திருகினால் மூவிங் ஹெட் மட்டும் அசையும், பார் சும்மா இருக்கும். பயப்பட வேண்டாம்.

வாடகைக்கு எடுத்த மூவிங் ஹெட்டில் பிரிசம் (ஒளிக்கற்றையைப் பலவாகப் பிரிக்கும் கண்ணாடி) இருக்கிறது. பெட்டியிலும் போட்டிருக்கிறான். திரையில் மட்டும் சாம்பல். ஏன்?

மோட், அதாவது விளக்கு எத்தனை சேனலில் ஓடுகிறது என்பது, பொருந்தவில்லை. சேனல் என்றால் விளக்கின் ஒரு வேலைக்கான எண் வழி. ஒரே விளக்கை 14 சேனலிலும் ஓட்டலாம், 16 சேனலிலும் ஓட்டலாம். நீங்கள் பேட்ச் செய்த மோடில் பிரிசம் இல்லை என்றால் சாம்பல்தான். எனக்கே இது நடந்தது. ஒரு தோட்ட மண்டபத்தில், நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பு, இரண்டாவது விளக்கை இடப்பக்கம் திருப்பினால் முதல் விளக்கில் பிரிசம் வந்து விழுகிறது! ஏணி போட்டு ஏறி மெனுவைப் பார்த்தேன்: விளக்கில் 16, என் பேட்ச்சில் 14. முதல் விளக்குக்கு 1 முதல் 14 வரை கொடுத்து, அடுத்ததை 15-இல் தொடங்கியிருந்தேன். முதல் விளக்கோ 15, 16-ஐயும் தன்னுடையது என்று படித்தது, பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பிரித்த மாதிரி. அதன் 15 பிரிசம், பக்கத்து விளக்கின் 15 பேன். விளக்கை 14-க்கு மாற்றினால் குழப்பம் தீரும், ஆனால் பிரிசம் கிடைக்காது. பிரிசமும் வேண்டுமென்றால் 16 சேனல் புரொஃபைலில் மறுபடி பேட்ச் செய்து, அடுத்த விளக்கை 17-க்குத் தள்ளுங்கள். விளக்கிலும் அட்ரஸை (தொடக்கச் சேனல் எண்ணை) மாற்ற மறக்காதீர்கள்.

எங்கள் பள்ளி எல்இடி பார் வெறும் மூன்று சேனல்: சிவப்பு, பச்சை, நீலம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரே இல்லை. கன்சோலில் டிம்மர் வேலை செய்கிறதே? (ஆசிரியை, கோலகங்சார்)

டீச்சர், அது கன்சோல் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. சிவப்பு முழு அளவான 255-இல் இருக்க நீங்கள் டிம்மரைப் பாதிக்கு இறக்கினால், சிவப்புக்கு 128 அளவில் அனுப்பும். இல்லாததை இருப்பதாகக் காட்டும் நல்ல பொய்.

விளக்கின் ப்ளக்கையே பிடுங்கிவிட்டேன். அப்போதும் திரையில் எதுவும் மங்கவில்லை!

எப்படி மங்கும்? கன்சோல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புவது 1986-இல் வந்த டிஎம்எக்ஸ் 512 என்ற முறையில்; அது ஒருவழிப் பாதை. 512 சேனலும் நிறைந்திருந்தால் நொடிக்குச் சுமார் 44 முறை மதிப்புகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. 2006-இல் தரமாக வந்த ஆர்டிஎம் இருந்தால் அதே கேபிளில் விளக்கு பதில் சொல்லும், எந்த மோடில் இருக்கிறது என்பது உட்பட. ஆனால் கன்சோல், நடுவில் சிக்னலைப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டர், விளக்கு மூன்றுக்கும் அந்த வசதி வேண்டும். மலிவு வாடகைச் சாமானில் அதை நம்பி உட்காராதீர்கள்.

இல்லாததை ஏன் காட்ட வேண்டும்? மறைத்துவிட்டால் திரை சுத்தமாக இருக்குமே.

மறைக்கும் கன்சோல்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது. ஒன்று மறைந்தால் அடுத்தது அந்த இடத்துக்கு நகரும். இருட்டில் கலர் என்று திருகினால் ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் அடிக்கும். என் கைக்கு மூன்றாவது குமிழ் எப்போதும் மூன்றாவதாகவே இருக்க வேண்டும். சாம்பலாகவாவது இருக்கட்டும்.

ஒரே தொல்லை, மதியம் மூன்று மணிக்குத் திறந்தவெளி மேடையில் ஒத்திகை பார்ப்பது. வெயிலில் சாம்பலும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மைலோ அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திரைமேல் கவிழ்த்துங்கள். நான் கொண்டுபோகும் பெட்டிக்கு இது நாலாவது திருவிழா.